கல்கத்தா ரோட்டில் இரண்டு சைக்கிள்

ராமலிங்கத்துக்குப் பத்து வயதிருக்கும்போது பொன்னேரி சந்தைத் திடலுக்கு யேசுதாஸ் என்ற சைக்கிள் வீரர் வந்தார். ஒரு வாரம் கால் ஊன்றாமல் திடலையே சுற்றுவது என்று பந்தயம். சைக்கிளில் இருந்தபடியே குளித்தார், சட்டை மாற்றினார், நீட்டிய இட்லியை வாங்கித் தின்றார். கடைசி நாள் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. ஆனாலும் மிதித்தார்.

எளாவூருக்குத் திரும்பும் வழியில் ராமலிங்கம் கேட்டான்: "நைனா, இத்தினி நாளு சுத்துனதுக்கு நேரா வுட்ருந்தா எந்த ஊருக்குப் போயிருப்பாரு?"

"கல்கத்தாவே போயிருப்பாரு" என்றார் அப்பா. நெல் விவசாயி. சொன்னதை அன்றே மறந்துவிட்டார். பையன் மறக்கவில்லை.

1971 கோடையில், வாலிபனாகியிருந்த ராமலிங்கம் கல்கத்தாவை நோக்கி சைக்கிளில் வடக்கே கிளம்பினான். கூட வந்தவன் குப்பன். பழவேற்காட்டிலிருந்து எளாவூருக்கு சைக்கிளில் மீன் கொண்டுவந்து விற்பவன். கோயில் வாசலிலும் லாரி நிற்கும் இடங்களிலும் படுத்து, ஆந்திராவையும் ஒரிசாவையும் கடந்தார்கள். தெரியாத ஊருக்குள் நுழையும்போதெல்லாம் ராமலிங்கத்துக்கு நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்புக்காகவே மிதித்தான்.

கல்கத்தாவை நெருங்கியதும் ரோடே தெரியாத அளவுக்கு ஜனம். எல்லைக்கு அப்பால் நடந்த சண்டைக்குத் தப்பி மூட்டை முடிச்சுகளோடு வந்தவர்கள். விழுந்து கிடந்த ஒரு கிழவியைக் குப்பன் தோளில் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போனான். அங்கேயே தங்கி இருவரும் தண்ணீர் சுமந்தார்கள். முகாமில் வாந்திபேதி. குப்பனுக்கும் கண்டது, மறுநாளே போய்விட்டான். பலரோடு சேர்த்து ஒரே குழியில் போட்டு மூடினார்கள். அவன் பேரைக்கூட யாரும் கேட்கவில்லை.

ராமலிங்கம் தன் சைக்கிளை விற்று ரயிலேறினான். குப்பனுடைய சைக்கிளை மட்டும் அவன் தாய் செங்கம்மாளிடம் கொண்டுவந்து நிறுத்தினான்.

"எம் புள்ளய எங்கடா உட்டுட்டு வந்த?"

"கல்கத்தாகிட்டம்மா."

"அதுல எந்த ஊரு?"

"தெர்லம்மா."

"பேரு தெரியாத ஊர்லயாடா பொதச்ச?" மண்ணை வாரி அவன் முகத்தில் எறிந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அவளே எளாவூருக்கு வந்தாள். "என்ன இட்டுகினு போ. அந்த எடத்தக் காட்டு."

ரயிலில் அழைத்துப் போனான். முகாம் இருந்த இடமெல்லாம் வயலாகியிருந்தது. பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் கைகாட்டுவது என்று தெரியாமல் நின்றான்.

"இங்கயா?"

"இங்க எங்கியோதாம்மா. மெய்யாலுமே தெர்ல."

செங்கம்மாள் வரப்பில் உட்கார்ந்து பெருங்குரலெடுத்து அழுதாள். நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அதன் பிறகும் அவனால் ஊரில் தரிக்க முடியவில்லை. வேறொரு சைக்கிள் வாங்கி அசாமுக்குப் போனான், நேபாளத்துக்குப் போனான். கூட வருகிறேன் என்ற யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. நேபாள மலையில் இருந்தபோது அப்பா இறந்தார். மகன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல், தகவல் சொல்ல வழியில்லாமல், பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். அவன் வந்து சேர்ந்தபோது காரியமும் முடிந்திருந்தது. மொட்டையடித்துக்கொண்டு மழைக்காலம் முடியும்வரை வீட்டில் கிடந்தான். பிறகு மறுபடியும் வடக்கே கிளம்பினான்.