உருண்டை எழுத்தில் ஒரு மரண அறிவிப்பு

சைதா என்ற அரபுத் துறைமுக நகரத்து அச்சகம் ஒன்றில் கின்வா என்ற பெண் எழுத்துரு வரைந்துகொண்டிருந்தாள். பலூன் போல உப்பிய உருண்டை அரபு எழுத்துகளை, கடற்கரையில் ஐஸ்கிரீம் விற்ற அபு வஜீஹின் கடைப் பலகைக்காகத்தான் முதலில் வரைந்தாள். பிறகு அவை பிஸ்கட் உறைகளிலும் ஏறிக்கொண்டன. விளையாட்டு வேலைதானே என்ற குறை மட்டும் அவளுக்குள் இருந்தது.

அபு வஜீஹ் இறந்த காலையில் அவர் மனைவி அச்சகத்துக்கு வந்தாள். சுவர்களில் ஒட்டும் மரண அறிவிப்பில் கணவர் பெயர் அந்த எழுத்தில்தான் வர வேண்டும் என்றாள்.

"ஐயோ அத்தை, ஊரு சிரிக்குமே!"

"சிரிக்கட்டும்டி. அவருகிட்ட யாரு மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்தாங்க? இன்னிக்கு மட்டும் எதுக்கு?"

கின்வா குர்ஆன் வசனத்தை வழக்கமான எழுத்தில் வைத்து, பெயரை மட்டும் உருண்டை எழுத்தில் அச்சிட்டாள்.

மதியம் சந்தைச் சுவரில் அதைப் பார்த்த மீன்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற கின்வாவிடம் சொன்னார்:

"எம் பொண்ணு எழுத்துக்கூட்டிப் படிச்ச மொதப் பேரு இவரு பேருதாம்மா. பலகையில இருக்குற இதே எழுத்து."

கின்வா சுவரில் பிரிந்து நின்ற அறிவிப்பின் ஓரத்தை, அந்த உருண்டைப் பெயர் மடங்காதபடி, விரலால் அழுத்தி ஒட்டினாள்.