அம்சவல்லி எடுத்த சாம்பிள்

பழனிசாமி சாரை ஒரு விஷயத்தில் நம்ப வைப்பதற்குள் நம் உயிர் போய்விடும். புது எவர்சில்வர் டம்ளர் வாங்கினால் காந்தம் வைத்துப் பார்ப்பார். டீக்கடையில் பாலைக் காட்டி, "இதுல என்ன கலந்திருக்கான்?" என்பார். "பாலே ஒரு கலவைதான் சார், எட்டாம் கிளாஸ் பாடம்" என்று நான் சொன்னாலும் விடமாட்டார். தங்கம் தனிமம், உப்பு சேர்மம், மீதி எல்லாம் கலவை. கலவை என்றால் கலந்தவன் எவனோ ஒருத்தன் இருப்பான். அவர் படித்த வேதியியல் அவ்வளவுதான் என்று நான் கேலி செய்வேன்.

நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு வெளியே எங்கள் சின்ன லேப். லாரியில் வரும் பழுப்பு நிலக்கரியில் ஈரம் எவ்வளவு, எரித்தால் மிஞ்சும் சாம்பல் எவ்வளவு என்று சொல்வது வேலை; சாம்பல் குறைந்தால் கரிக்கு விலை கூடும். சோதித்துக் கையெழுத்துப் போடுவது பழனிசாமி சார். ரிப்போர்ட் டைப் அடிப்பது சரிதா, அதாவது நான். சாம்பிள் எடுப்பது அம்சவல்லி அக்கா.

உப்பு மூட்டையில் ஒரு சிட்டிகை எடுத்தால் போதும், மூட்டை முழுக்க அதேதான். கரி அப்படியில்லை. ஒரு பிடியில் கரி வரும், அடுத்த பிடியில் எரியாமல் சாம்பலோடு மிஞ்சும் கல்லும் வெள்ளைக் களிமண்ணும் வரும். அதனால் லோடில் ஒன்பது இடத்தில் அள்ளி, உடைத்து, குவித்து, நாலு பாகம் பிரித்து, எதிரெதிர் பாகங்களைத் தள்ளி, ஒரு கிலோ ஆகும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

போன மாதம் ஒரு செங்கல் சூளைக்காரர் வந்து ரிப்போர்ட்டை மேஜையில் வீசினார். சாம்பல் நாலு சதவீதம் என்று கொடுத்திருந்தோம். வேறு லேபில் அதே லோடுக்குப் பன்னிரண்டு வந்ததாம். முதலாளிக்கு முகமே செத்துவிட்டது. "காசு வாங்கிக்கிட்டு இதப் பண்ணது யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபுடிங்க. அன்னிக்கே கணக்க முடிச்சு அனுப்பிடலாம்" என்றார்.

"அம்சவல்லிதான்" என்றார் சார், அவர் போனதும். "லாரி டிரைவரும் முத்தாண்டிக்குப்பம், அவளும் முத்தாண்டிக்குப்பம். வேற என்ன வேணும்?"

"அந்த ஊர்ல வேற ஆளே இல்லையா சார்?" என்று எரிந்து விழுந்தேன். எட்டு மாதத்துக்கு முன்புவரை அக்காவுக்கு முந்திரிக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம். கொட்டை எண்ணெய் பட்டு உள்ளங்கைத் தோலே போயிருக்கும். இந்த வேலை போனால் மறுபடி அங்கேதான். ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: மறுநாள் டிரைவர் அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்ததைப் பார்த்ததும் எனக்கும் திக்கென்றது.

வியாழக்கிழமை காலை சார் லாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். நான் ஜன்னலில் நின்றேன். அக்கா சுத்தமாக வேலை செய்தார். ஒன்பது இடம், குவியல், நாலு பாகம், எல்லாம் சரி. கடைசி ஒரு கிலோவை முறத்தில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார். விரல் படபடவென்று ஓடியது. கல், மணல் கட்டி, களிமண் எல்லாம் தனியே போய் விழுந்தன.

சார் பாய்ந்தார். "யார் சொல்லி இப்படிப் பண்ற?"

"ஐயய்யோ, யாரு சொல்லணும் சார்?" அக்கா பதறி எழுந்தார். "கல்லும் மண்ணுமாவா உங்க கையில குடுப்பேன்? முந்திரியில ஒரு தோலு இருந்தாலே மூஞ்சில வீசுவாங்க. எட்டு மாசமா ஒண்ணு வுடாம பொறுக்கிகினுதான இருக்கறேன்!" என்று சுவரோரம் காட்டினார். இரண்டு பெயிண்ட் டப்பா நிறைய வெள்ளைக் கற்கள் இருந்தன.

சார் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கல்லும் சேர்ந்ததுதான் சாம்பிள் என்று அக்காவுக்கு யாரும் சொன்னதில்லை. எட்டு மாதமாக சார், அக்கா சாம்பிள் எடுக்கும் இந்தக் கரிக்கூடத்துப் பக்கம் ஒருநாள் கூட வந்ததில்லை. ஊரில் உள்ள பாலையெல்லாம் சந்தேகப்பட்டவர், தன் கையெழுத்தை மட்டும் அப்படியே நம்பியிருக்கிறார். எனக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை முதலாளி கேட்டார்: "அந்தம்மாதானே?"

"இல்ல சார். கையெழுத்து என்னுது" என்றார் பழனிசாமி சார்.

அன்றோடு கையெழுத்துப் போடும் உரிமை அவரிடமிருந்து போனது. வேறு ஆள் வந்தாயிற்று. சார் இப்போது கரிக்கூடத்தில் அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு சாம்பிளையும் பார்க்கிறார்.

நேற்று அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் என்மேல சந்தேகமா சார்?"

"உன்மேல இல்லம்மா" என்றார் சார்.