இடது மூலையில் இரண்டு எழுத்து

அவள் அடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், இடது மூலையில், இரண்டு எழுத்துகள் சின்னதாக நிற்கும். அவள் பெயரின் முதலெழுத்தும் ஊரின் முதலெழுத்தும். யுத்த காலத்தில் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், அரசாங்கக் கந்தோர் ஒன்றின் முன்னால், வாகை மர நிழலில் மனு அடித்துக் கொடுத்துப் பிழைத்த ஐந்து பேரில் நான் மூத்தவன். அவள் கடைசியாக வந்து சேர்ந்தவள். வெருகல் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, ஒரு தம்பியோடும் பழைய தட்டச்சு இயந்திரத்தோடும் வந்திருந்தாள். வெருகல் பிள்ளை என்றே அவளைக் கூப்பிட்டோம்.

அந்த நாட்களில் மனுவுக்குப் பஞ்சமில்லை. பயணப் பாஸ், நிவாரணம், காணாமல் போன பிள்ளை. இருந்தும் ஒவ்வொருவரும் மற்றவரின் மேசையைக் கடைக்கண்ணால் பார்த்தபடியே இருந்தோம். முதல் இரண்டு மாதம் அவளிடம் யாரும் போகவில்லை. அவளோ காலை ஏழரைக்கே வந்து இயந்திரத்தைத் துடைத்து, பழைய பத்திரிகையைப் பார்த்து அடித்துக்கொண்டிருப்பாள். “ஆளில்லாமல் ஆருக்கு அடிக்கிறீர், பிள்ளை?” என்று ஒருநாள் கேலியாகக் கேட்டேன். “வாற ஆளுக்குத்தான், அண்ணை. வரேக்க கை ஆயத்தமா இருக்கோணும்” என்றாள்.

பிறகு ஒவ்வொருவராக வந்தவர்களின் அழுகையை அவள் பொறுமையாகக் கேட்டாள். ஆனால் கடிதத்தில் அழுகையை ஏற்றவில்லை. எந்த நாள், எந்தச் சந்தி, என்ன நிறச் சட்டை, யார் பார்த்தது. அவ்வளவுதான். நாங்கள் ‘தாழ்மையுடன் மன்றாடி’ அரைப்பக்கம் நிரப்புவோம். அவளுடைய கடிதங்களுக்குப் பதில் வந்தது. ஒரு வருடத்துக்குள் புல்மோட்டையிலிருந்துகூட அந்த இரண்டு எழுத்தைத் தேடி ஆட்கள் வந்தார்கள். என் மேசை காய்ந்தது. அவளுடைய கடிதங்களை வாங்கிப் பார்த்து அதேபோல் அடிக்க முயன்றேன், வரவில்லை.

பிறகு ஒரு காலை, சீருடைக்காரர் மூவர் ஒரு மனுவின் பிரதியோடு வந்தனர். அது எப்படியோ வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றுக்குப் போயிருந்தது. இடது மூலையில் இருந்த இரண்டு எழுத்தைக் காட்டி, யார் அடித்தது என்று கேட்டார்கள். அவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். மற்ற மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் மட்டும், “இது எங்கட எழுத்தில்லை, சேர்” என்றேன். சொல்லும்போதே என் கண் அவளுடைய வெறும் கதிரைக்குப் போனது. தானாகப் போனது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீர்ப் போத்தலோடு திரும்பியவளை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள்.

நான்கு மாதம் கழித்து வந்தாள். அதே இடத்தில் மேசையைப் போட்டு, இயந்திரத்தைத் துடைத்தாள். முன்பு தேடி வந்த சனமே இப்போது அந்த எழுத்துகளுக்குப் பயந்து சுற்றிப் போனது. எழுத்தை விட்டுவிட்டும் அடித்துப் பார்த்தாள். “ஆர் அடிச்சது எண்டு வாசிச்ச உடன தெரிஞ்சிடும்” என்றார்கள்.

அந்த மாதமே சீனன்குடாப் பக்கம் நடந்த சுற்றிவளைப்பில் அவளுடைய தம்பி பிடிபட்டான். மறுநாள் வந்து, மனுக் கொடுக்க வருகிறவர்கள் இருக்கும் கதிரையில், என் முன்னால் உட்கார்ந்தாள்.

“நான் அடிச்சா அவனுக்குத்தான் கேடு. நீங்கள் அடியுங்கோ, அண்ணை. நான் சொல்லுறன்.”

சொன்னாள், அடித்தேன். நான் ஒரு ‘தாழ்மையுடன்’ சேர்த்தபோது, “அது வேண்டாம், எடுங்கோ” என்றாள். என் விரல் இரண்டு தடவை பிசகியது. அன்று என் கண் போன இடத்தை மற்றவர்கள் அவளுக்குச் சொல்லியிருப்பார்கள். அதைப் பற்றி அவள் ஒரு கதையும் கதைக்கவில்லை.

மூன்று கிழமையில் தம்பியை விட்டார்கள். இயந்திரத்தை விற்றுவிட்டு, இருவரும் படகேறி இந்தியா போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த மாதம் என் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. மூதூரிலிருந்து வந்த ஒரு தாய் கேட்டாள்: “அந்தப் பெடியனை வெளியில எடுத்த கடிதம் நீங்கள் அடிச்சதாமே?”

மற்ற மூவரும் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“ஓம்” என்றேன். அந்தப் பேரில்தான் பிறகு பதினொரு வருடம் பிழைத்தேன்.