கேட்டேன், முடியாதுன்னுட்டாரு

தீனாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் எழுதுகிறேன். நான் செய்ததை வேறு யார் எழுதப் போகிறார்கள்?

அவன் பெருமாள் மாமா மகன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஏரிக்கரையில் தோணிரேவு என்ற ஒரே ஊர், ஒரே பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் என்றாலே எனக்குக் குலை நடுங்கும். பள்ளி விட்டு வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து அவன்தான் கணக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தான். ஒளிவிலகல் மண்டையில் ஏறவில்லை என்று ஒருநாள் நோட்டை மூடிவிட்டேன்.

"லூசு, ஏரில நட்ட மூங்கில் தண்ணிக்குள்ள முறிஞ்சாப்ல தெரியுதா இல்லியா? மீனு கண்ணுக்குத் தெரியுற எடத்துல இல்ல, அதுக்கும் கீழ இருக்குது. எவ்ளோ கீழனு கண்டுபுடி. அவ்ளோதான் கணக்கு" என்றான்.

அந்தக் கணக்கு பரீட்சையில் வந்தது. முழு மார்க் வாங்கினேன்.

இரண்டு பேரும் ஒரே அரசுக் கல்லூரிக்கு பி.எஸ்சி. இயற்பியல் போட்டோம். அவன் கெமிஸ்ட்ரியில் கோட்டை விட்டிருந்ததால் பட்டியலில் எங்கள் பெயர்கள் அடுத்தடுத்து வந்தன. அவன் முன்னால், நான் பின்னால். எங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் விரல்விட்டு எண்ணுகிற இடங்கள்தான்.

கவுன்சிலிங்குக்கு மூன்று நாள் முன்பு பெருமாள் மாமா கையில் கெளுத்தி முள் ஏறிவிட்டது. கை பூசணிக்காய் மாதிரி வீங்கி, பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கவுன்சிலிங் நாளும் அவர்கள் வீட்டுப் பாடும் ஒன்றாக வந்து தொலைத்தன. பாடு என்றால் முறை. ஏரியில் இறால் ஓடும் நல்ல இடத்தில் வலை கட்ட வீட்டுக்கு ஒரு நாள். அன்றைக்கு அந்த வீட்டு ஆள் வலை இறக்கவில்லை என்றால் அடுத்த சுற்று வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முன்கூட்டியே இரண்டு வீட்டாரும் பேசி நாளை மாற்றிக்கொண்டால் மட்டும் ஊர் ஒத்துக்கொள்ளும். அவர்களுக்கு மறுநாள் பாடு எங்களுடையது.

தீனா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். "சுதா, உங்க நைனா போன் எடுக்கல. நாள மாத்திக்கினா நான் கவுன்சிலிங் போயிடுவேன். கேட்டு சொல்றியா?"

நைனா பத்தடி தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டால் மறு பேச்சுப் பேசாமல் சரி என்பார். எனக்கு அதுதான் பயம். அவன் வந்தால் எனக்கு இடம் இருக்குமா? அரை மணி நேரம் சும்மா இருந்துவிட்டு அவனை அழைத்தேன்.

"கேட்டேன், முடியாதுன்னுட்டாரு."

"சரி வுடு. அவருக்கு இன்னா கஷ்டமோ" என்றான். பாவி நான், போனை வைத்துவிட்டுத் தூங்கினேன்.

கவுன்சிலிங்கில் அவன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். அந்நேரம் அவன் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் வலை கட்டிக்கொண்டிருந்தான். அடுத்து என் பெயர். எங்கள் பிரிவில் கடைசி இடம் எனக்குக் கிடைத்தது.

ஒரு வருஷம் ஓடிப்போனது. வெட்கம் கெட்டவள், கல்லூரிக் கணக்குகளையும் அவனுக்கே அனுப்பினேன். கரைக்கு வந்ததும் போட்டு, படம் எடுத்து அனுப்பிவிடுவான். போன வாரம் அவன் என்னைக் கேட்டான்: "இந்த வருஷமும் அப்ளிகேஷன் போட்டேன், லிஸ்ட்ல பேர் வந்துக்குது. பிசிக்ஸ் எடுக்கவா, இல்ல ஐ.டி.ஐ. போய் சீக்கிரம் வேலைக்குப் போவவா? நீதான் படிக்கிற, நீ சொல்லு."

பதில் அனுப்பக் கை வரவில்லை. அன்று மத்தியானம் சாப்பிடும்போது நைனா கேட்டார்.

"ஏம்மா, ஒரு வருஷமா பெருமாளு என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு போறான். நான் இன்னா தப்பு பண்ணேன்?"

சொல்லிவிட்டேன். ஒன்றுவிடாமல், அழுதுகொண்டே சொன்னேன். நைனா பாதிச் சோற்றிலேயே கை கழுவினார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பனே" என்றார். திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பெருமாள் மாமாவும் தீனாவும் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். நைனா நின்றபடியே பேசினார்.

"பெருமாளு, போன வருஷம் நான் பண்ணது தப்புப்பா. புள்ள படிப்புனு தெரிஞ்சும் முடியாதுன்னுட்டேன். மனசுல வச்சிக்காத."

என் நைனா ஊரில் யாரிடமும் தலை குனிந்தவர் இல்லை. தப்பு செய்தால்தானே குனிய? எனக்காக அன்றைக்குக் குனிந்தார்.

"வுடு மச்சான், ஆனது ஆயிப்போச்சு. உக்காரு" என்றார் மாமா.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சத்தியமாக, மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன்.

"நைனா பொய் சொல்றாரு மாமா" என்றேன். "தீனா, நான் அவருகிட்ட கேக்கவே இல்ல. நீ வந்தா எனக்கு சீட் போயிடும்னு உங்கிட்ட பொய் சொன்னேன்."

தீனா கையிலிருந்த வலையைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று நின்றேன். அவன் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் அவன் கேட்டதற்குப் பதில் அனுப்பினேன். "பிசிக்ஸ் எடு. நைனாகிட்ட நெசமாவே கேட்டேன், கவுன்சிலிங் அன்னிக்குப் பாடு வந்தா நாள மாத்திக்கலாம்னாரு."

படித்துவிட்டான். இன்னும் பதில் வரவில்லை.