மண் டின் இல்லாத குடிசைகள்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு நல்லதாக எதையும் கூட்ட மாட்டேன். அண்ணனை நாங்கள் நானா என்போம்; நானாவுக்காக எதையும் குறைக்கவும் மாட்டேன்.

வெங்காய வாசம்...

கற்பிட்டியில் மாமாவின் வெங்காயக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. சுவர் முழுக்க மூட்டைகள். நடுவில் எங்கள் நானாவின் கம்பியூட்டர். கீபோர்டில்கூடச் சிவப்புத் தோல் ஒட்டியிருக்கும்.

நானாவும் கூட்டாளிமாரும் கொழும்புப் பொடியன்மாரோடு ஒன்லைனில் போர் கேம் விளையாடுவார்கள். கோட்டை கட்டி, படை சேர்த்து, மற்றவனின் கோட்டையைப் பிடிக்க வேண்டும். விளையாடுகிறவர்களே அதில் புது ஊர், புது ஆட்கள், புதுச் சட்டம் எல்லாம் செய்து சேர்க்கலாம். அதுதான் மொட். எனக்கு அதைப் பழக்கியதே நானாதான்.

நான் எங்கள் களப்பை, அந்த உப்பு நீர் ஏரியை, கேமுக்குள் செய்தேன். உப்பளம், எத்தாளைப் பக்கத்துத் தென்னைகள்... கரையில், நாங்கள் முந்தி இருந்த அகதி முகாம். வரிசையாகத் தென்னோலைக் கிடுகுக் குடிசைகள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு டின் மண்.

முகாமில் இருந்தவர்களுக்கு அந்த மண் தெரியும். ஒரு குடிசை பற்றினால் முழு வரிசையும் போய்விடும். சமைத்து முடிந்ததும் உம்மா அடுப்பில் மண் போட்டு மூடுவா. டின்னை நிரப்பி வைப்பது நானாவின் வேலை.

என் மொட்டில், டின் இருக்கிற குடிசையில் தீ பிடிக்காது. எந்தப் படை வந்தாலும் அந்தக் குடிசை ஆட்கள் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

ஒரு நாள் ஸ்கூல் விட்டுப் போனால் அறையில் ஒரே சத்தம்.

"அங்கால இன்னும் ரெண்டு குடிசை ஈக்கிடா... எரி, எரி!"

ஸ்க்ரீனில் எங்கள் குடிசைகள் எரிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் எரிந்து விழ, எரித்தவனுக்கு ஒரு பை தங்கம்.

"நானா, மண் டின் எங்க?"

"நான்தான் எடுத்தேன். எரிக்க ஏலாட்டி எவன் புள்ள வெளாடுவான்? தண்ணி குடிச்சிட்டுப் போகவா வாரானுகள்?"

"அது நம்மட வீடு!"

"நம்மட வீடு இப்ப கல்லு வீடு. போய்ப் பாரு, எரியுதாண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு கூட்டாளி சமாதானம் சொன்னார்: "கோவிக்காத தங்கச்சி. ஒன்ட பேரத்தான் போட்டீக்கி. கொழும்புல நீ இப்ப ஃபேமஸ்."

ஸ்க்ரீன் மூலையில் பார்த்தேன். செய்தவர் என்று என் பேர்.

பேரை மறைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். உம்மா நெருப்புக்குப் பயந்து பயந்து காத்த குடிசையை, எரித்து விளையாடச் செய்து கொடுத்தவள் நான் என்று அங்கே எழுதியிருந்தது.

"என்ட பேர எடுங்க."

"பேர் போட்டாலும் கோவமா? நல்லா ஈக்கி கத."

எடுத்தாலும் பிரயோசனம் இல்லை. அது அதற்குள் எத்தனையோ பேரிடம் போய்விட்டது...

இப்போது நானா கத்தாரில். உம்மாவுக்கு கேஸ் அடுப்பு. அந்த அறையில் வெங்காயம் மட்டும்தான். நான் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறேன். வளர்ந்தால் கோபம் ஆறிவிடும் என்றார்கள். ஆறவில்லை.

போன லீவில் அந்த மொட் முழுவதையும் திரும்பச் செய்தேன். டின்கள் வாசலுக்கு வந்துவிட்டன. புதிதாக ஒரே ஒரு சட்டம்... குடிசைக்குத் தீ வைக்கப் பார்த்தால், வைத்தவனின் கோட்டை இருண்டுவிடும்.

நானாவுக்கு லிங்க் அனுப்பினேன். சந்தோசமாக விளையாட வந்தார். வந்ததும் படையைக் கூட்டிக்கொண்டு நேரே குடிசைப் பக்கம்தான் போய்த் தீ வைக்கப் பார்த்தார்.

"என்ன புள்ள, ஒண்டும் தெரியல்ல? கரண்ட் போயிட்டா?" என்று எழுதினார்.

நான் என் ஸ்க்ரீனைப் பார்த்தேன். அவருடைய கோட்டையில் லைட் எல்லாம் அணைந்திருந்தது.