டயகம வேனுக்குக் காற்றுப் பை போட்ட கதை

காற்றுப் பை பொருத்துகிற தொழிலில் கெட்ட பெயர் வாங்கப் பெரிய பிழை எதுவும் செய்யத் தேவையில்லை, மயிரிழை அளவு கசிவு போதும். ஹட்டனில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். இரும்பு ஸ்பிரிங் தாங்குகிற பாரத்தை இறப்பர்ப் பையிடம் கொடுத்து, அதற்குள் காற்றை அடைத்து, சாரதி பக்கத்துச் சுவிட்ச் ஒன்றால் வண்டியை ஏற்றி இறக்க வைப்பது என் வேலை. போனில் வருகிற வீடியோக்களில் இதை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு செய்கிறார்கள். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணில் துரு விழுந்து, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எழுந்து வந்தவரா நீங்கள்? அப்படியானால் இந்த வேனின் கதை உங்களுக்குத்தான்.

அழகுக்கு இல்லை

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர், காரின் வயிறு தரையைத் தொடவேண்டும் என்று கேட்கிற இளைஞர்கள். மாரிமுத்து அந்த ரகம் இல்லை. டயகமவிலிருந்து தன் பழைய வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பெட்டி. அதற்குள் இரண்டு காற்றுப் பை, ஒரு கம்பிரஷர், ஒரு காற்றுத் தாங்கி, சுருட்டிய குழாய். எல்லாம் ஏற்கெனவே யாரோ பாவித்துக் கழற்றியவை.

அவருடைய மனைவி பாக்கியம் தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு சறுக்கித் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவர். மாதாமாதம் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி செய்யவேண்டும், விட்டால் இடது கால் பலமிழந்துவிடும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். போகும்போது பாக்கியம் பின் சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். ஆனாலும் வண்டி எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஓர் இடத்தின் பெயரைச் சொல்லி முனகுவார். ஸ்டோர் இறக்கம், பாலம், கோயில் வளைவு. ஒன்றுகூடத் தப்பாது. வாடகைக்கு வேறு வண்டி பிடித்தும் பார்த்திருக்கிறார்கள், ரோடு அதே ரோடுதானே. கடைசியாக இரண்டு கிளினிக்கைத் தவறவிட்டு, இனி எந்த வண்டியிலும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அடுத்த கிளினிக்குக்கு அதிக நாள் இல்லை. காற்றுப் பை ரோட்டைச் சரிசெய்யாது என்று மாரிமுத்துவிடம் முன்கூட்டியே சொன்னேன். அவர் பெட்டியை என் மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"வண்டி அழகா இருக்கணும்னு வரல பாஸ். அவ அழுவாம போய் வரணும், அவ்வளவுதான்."

நிமல் அய்யா சொன்னது

வேனுக்கு அடியில் படுத்ததும் பாதி விஷயம் புரிந்தது. மாரிமுத்து முன்பு அதில் லீக்ஸும் கோவாவுமாக மரக்கறி ஏற்றிச் சந்தைக்குப் போனவர். மூட்டைக்குப் பின்பக்கம் தாழக்கூடாது என்று ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பட்டை சேர்த்திருந்தார். மரக்கறிக்குப் பொருத்தமான வண்டிதான், முதுகெலும்புக்கு இல்லை. சேர்த்த பட்டைகளைக் கழற்றினேன். மாரிமுத்துவுக்கு அது போதவில்லை. இரும்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், பை மட்டும் இருக்கட்டும், அப்போதுதான் மெத்தை மாதிரி இருக்கும் என்று பிடிவாதமாக நின்றார்.

பைக்கு அடித்தட்டு ஒட்டக் கினிகத்தேனையிலிருந்து வெல்டிங் வேலைக்கு வந்திருந்தார் நிமல் அய்யா. சிங்களவர். என்னைத் தம்பி முறையில் மல்லி என்றுதான் கூப்பிடுவார். மீதிப் பட்டையும் இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே பின் சில்லு இரண்டும் தம் பாட்டில் ஒரு பக்கம் போய்விடும் என்று மாரிமுத்துவுக்கு விளக்க நான் படாத பாடு பட்டேன். நிமல் அய்யா முகமூடியைத் தூக்கி ஒரே பேச்சில் முடித்துவிட்டார்:

"மல்லி, காத்து தூக்கும், ஆனா புடிக்காது. புடிக்கிறதுக்கு இரும்பு வேணும்னு அந்த ஆளுக்குச் சொல்லு."

மலைக்காரர் பழக்கம்

நம் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் சில்லுக்குப் பின்னால் ஒரு கல் வைக்காமல் யாரும் நகரமாட்டார்கள். பெற்ற தகப்பனே சொன்னாலும் ஹேண்ட் பிரேக்கை நம்பமாட்டோம். பை பொருத்தி, காற்று அடித்து, வேன் கம்பீரமாக எழுந்து நின்ற அன்று மாரிமுத்து சந்தோஷத்தில் நல்ல பெரிய கல்லாகப் பார்த்து உருட்டி வந்து அண்டக் கொடுத்தார். மறுநாள் காலையில் கராஜைத் திறந்தால் வேனின் பின்பக்கம் மாடு மாதிரி படுத்திருந்தது. காற்று கசிந்து உடம்பு கீழே இறங்க, சைலன்சர் நேராக அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து வளைந்திருந்தது.

எனக்கு அழுகை வராத குறை. காற்றுப் பை வண்டிக்கு அடியில் கல் வைக்காதீர்கள், வைத்தாலும் சின்னக் கல்லாக வையுங்கள் என்றேன். மாரிமுத்து பதில் சொன்னார்:

"கல்லு வெக்காம எனக்குத் தூக்கம் வராது பாஸ். நீங்க காத்து எறங்காம பாத்துக்கங்க, கல்ல நான் பாத்துக்கிறேன்."

சோப்புத் தண்ணீர்

கசிவு பிடிக்கச் சோப்புத் தண்ணீர் பூசவேண்டும், நுரை முட்டை விடுகிற இடத்தில் ஓட்டை. வெயில் ஊரில் இது சுலபம். ஹட்டனில் அந்த வாரம் முழுக்க மழையும் பனிமூட்டமும்தான். பூசியது கழுவிக்கொண்டு போகும், கூரை ஒழுகி எங்கு பார்த்தாலும் முட்டை விடும். பையை மாற்றி மாட்டினேன், வால்வைக் கழற்றித் துடைத்தேன். காலையில் வந்து பார்த்தால் வேன் மறுபடி படுத்திருக்கும். விட்டுவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. ஆனால் கிளினிக் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் காலை ஓர் ஓட்டையிடம் தோற்கக்கூடாது என்று வீம்பு பிடித்துக்கொண்டது.

கடைசியில் எதையும் பூசாமல் குழாய்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தேன். அந்தக் குழாயின் வாய் நேராக வெட்டப்பட்டிருந்தால்தான் பொருத்துக்குள் இருக்கும் இறப்பர் வளையத்தில் சுற்றிவரப் பதியும். என் கையிலிருந்த முனை சரிவாக இருந்தது. அடுத்ததும் சரிவு. எல்லா முனையும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே சரிவு. நான் நீளம் குறித்துக் கொடுத்ததை வெட்டியவர் மாரிமுத்து. வேன் வாங்குவதற்கு முன் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர், அந்தக் கத்தி இன்னும் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. தேயிலைச் செடியைக் கவ்வாத்துப் பண்ணுகிறவர் எவரும் கிளையை நேராக வெட்டமாட்டார். குழாயை நீட்டி இது என்ன என்று கத்தினேன். அவர் வெட்டைத் தடவிப் பார்த்தார், குறை எதுவும் தெரியவில்லை போலும்.

"சாச்சு வெட்டினாத்தான பாஸ் மழத்தண்ணி நிக்காம வடியும், வாது அழுகாது. நல்ல வெட்டுதானுங்களே?"

எலுமிச்சம்பழம்

எல்லா முனையையும் நேராக வெட்டி மாட்டினேன். அடுத்த நாள் காலையிலும் வேன் நின்றுகொண்டிருந்தது. மாரிமுத்து உடனே கோயிலுக்கு ஓடி, பூசை வைத்த எலுமிச்சம்பழங்களைக் கொண்டுவந்து சில்லுகளுக்குக் கீழே வைத்தார். ஏறிப் புறப்படுவார் என்று பார்த்தால், சுவிட்சை அழுத்திக் காற்றை இறக்கினார். வேன் மெதுவாகத் தாழ்ந்தது. பழம் அப்படியே இருந்தது. தாழ்வது உடம்புதான், சில்லு இருந்த இடத்திலேயே இருக்கும் என்று சொல்லியும் கேட்காமல் மறுபடி ஏற்றி இறக்கினார். கணக்குத் தீர்க்க வந்திருந்த நிமல் அய்யா பொறுமை இழந்தாலும் சிங்கள மரியாதை விடாமல் சொன்னார்:

"பழம் நசுங்கணும்னா வண்டிய ஓட்டணும் மாத்தயா. அது எல்லா வண்டிக்கும் ஒரே சட்டம்."

பாலம்

கிளினிக் அன்று நானும் கூடப் போனேன். பாக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் முதுகை வைத்து இரண்டு பேரும் பரீட்சை பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் ஏறிப் படுத்தார். நான் முன் சீட்டில், காற்று அளவு காட்டும் மானியில் கண்ணை வைத்தபடி இருந்தேன். ஸ்டோர் இறக்கத்தில் வேன் குலுங்கியது. "ஸ்டோரு" என்று பின்னாலிருந்து ஒரு முனகல். மாரிமுத்து மானியைப் பார்த்து, என்னைப் பார்த்து, இரண்டு பைக்கும் கொஞ்சம் காற்றைக் குறைத்தார்.

பாலம் வந்தது. ரோட்டு மட்டத்துக்கு இல்லாத அந்தப் பாலத்தின் விளிம்பில் சில்லு ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். பின்னால் சத்தம் இல்லை. கோயில் வளைவு வந்தது. அப்போதும் சத்தம் இல்லை. மயங்கிவிட்டாரோ என்று எனக்குப் பயம். மாரிமுத்து ரோட்டை விட்டுக் கண்ணாடியையே பார்க்க, முன்னால் பாருங்கள் என்று நான் அதட்டவேண்டியிருந்தது. அக்கரப்பத்தனைக் கடைகள் தெரிகிற நேரத்தில் பாக்கியம் கண்ணைத் திறக்காமலே பேசினார். அதைக் கேட்டு மாரிமுத்து புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னங்க, ஏன் இப்பிடி மெதுவா உருட்டிக்கிட்டு போறீங்க? இன்னும் பாலமே வரலியே."

அத்தனை நாள் சேற்றில் மல்லாந்து கிடந்து நான் செய்த வேலைக்குக் கடைசியில் கிடைத்தது, பாலத்தைக் காணோம் என்ற ஒரு புகார்தான்.