லவோன் அத்தையின் ஹார்ன்

வெளிச்சம் வருவதற்கு முன்பே லவோன் பியர் ஷீல்டின் ஹார்ன் கேட்கத் தொடங்கிவிடும். வீட்டுக்கு ஒரு முறைதான் அடிப்பாள். கதவு திறக்காவிட்டால் வேனிலிருந்து இறங்கிப் பனியை மிதித்துக்கொண்டு போய்ச் சன்னலைத் தட்டுவாள். "எந்திரிடா! கணக்கு வாத்தியார் உன் கட்டிலுக்கு வந்து பாடம் நடத்துவாரா?" குரைக்கும் நாய்களுக்கும் திட்டு உண்டு.

அவள் பிள்ளைகளை ஏற்றிப்போவது, அமெரிக்கப் பழங்குடியினரான லகோட்டா மக்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தாங்களே கட்டிக்கொண்ட கல்லூரிக்கு. சேர்ந்த பிள்ளைகள் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது லவோனின் வேலை. அந்தப் பதவிக்கு நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. அவள் அதைச் சொல்வதில்லை. "ஓடிப்போற குதிரைய மடக்கி ஓட்டிட்டு வர்றவ நான்" என்பாள். வேனில் எப்போதும் ஒரு பாத்திரம் நிறைய இறைச்சி சூப், யாருடையதோ குழந்தைக் கையுறைகள், எரிச்சல் வந்தால் மெல்ல ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை. தாய்மார்கள் பரீட்சை எழுதும்போது கைக்குழந்தைகள் அவள் மடியில் இருக்கும். அவற்றையும் அதட்டித்தான் தூங்க வைப்பாள்.

இந்தக் குளிர்காலத்தில் நகரத்திலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்று படம் போட்டுக் காட்டினார். வகுப்புக்கு வராதவர்களுக்குத் தினமும் செல்போனில் உற்சாகச் செய்தி அனுப்ப வேண்டுமாம். கடைசி வரிசையிலிருந்து லவோன் விதைத் தோலைத் துப்பினாள்.

"மேட்டுக்கு அந்தப் பக்கம் சிக்னலே கிடையாது. செய்தி யாருக்குப் போகும்? என் நாய்க்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முந்தைய நாள்தான் சியராவின் பெயரை நீக்கியிருந்தார்கள்.

சியரா செவிலியர் படிப்பின் கடைசிப் பருவத்தில் இருந்தவள். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, காரும் இல்லாமல், லவோனின் வேனை நம்பியே இதுவரை வந்து சேர்ந்தவள். செவிலியர் வகுப்புக்கு மூன்று நாள் சொல்லாமல் வராவிட்டால் பெயர் போய்விடும். அவள் வராத அந்த மூன்று நாளும் எங்கே இருந்தாள் என்பது ஊருக்கே தெரியும். கல்லூரி முதல்வர் கிளிஃபர்டின் தகப்பனார் இறந்து போயிருந்தார். சியரா அவருக்குப் பேத்தி முறை. பனியில் தூரத்து உறவினர் வந்து சேரும்வரை இறந்தவரைத் தனியே விடாமல் எல்லோரும் ஊர்ப் பொதுக்கூடத்தில் விழித்திருந்தார்கள். சியரா சமையலறையை விட்டு நகரவில்லை. மாவு பிசைந்தாள், ரொட்டி பொரித்தாள், மலையாய்க் குவிந்த தட்டுகளைக் கழுவினாள். கல்லூரிக்கு விடுமுறை விட்டது அடக்கத்தன்று மட்டும்தான்.

"ஏன்டி யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல?" என்று லவோன் கேட்டதற்கு அந்தப் பெண் விழித்தாள்.

"யார்கிட்ட அத்தை சொல்றது? முதல்வரு கையில சூப் குடுத்ததே நான்தான். சாவு வீட்ல வேலை செய்றேன்னு போய் லீவு கேப்பாங்களா யாராச்சும்?"

கேட்கமாட்டார்கள். கேட்பது வெட்கக்கேடு. வெளியிலிருந்து வந்த ஒருவனுக்கு இது புரியாமல் போனால் மன்னிக்கலாம். இது தெரிந்தே வளர்ந்த கிளிஃபர்ட், அவள் கையால் வாங்கிக் குடித்த வாயோடு, பெயரை நீக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தான். பிள்ளைகளைத் துரத்த அன்னியர் வரவேண்டியதில்லை, நாமே போதும் என்று லவோன் வேனுக்குள் தனியாகக் கத்தினாள்.

அடக்கம் முடிந்ததும், உழைத்தவர்களுக்கெல்லாம் கிளிஃபர்டின் தாய் நட்சத்திரம் தைத்த போர்வை கொடுத்திருந்தாள். ஆட்களை ஏற்றி இறக்கியதற்காக லவோனுக்கும் ஒன்று. நிபுணர் கிளம்பிப் போனதும் அதைக் கொண்டுபோய் முதல்வரின் மேசைமேல் வைத்தாள்.

கிளிஃபர்டின் முகம் வெளிறியது. கொடுத்ததைத் திருப்பித் தருவது அங்கே முகத்தில் துப்புவது மாதிரி.

"அக்கா, என்ன செய்ற நீ? அம்மா தைச்சது இது."

"தெரியும்டா தம்பி. பாடுபட்டதுக்குக் குடுத்தது. பாடுபட்டா இந்தக் காலேஜ்ல பேரை வெட்டுவீங்களாமே, எனக்கு வேண்டாம்."

"எல்லாருக்கும் ஒரே விதி. அங்கீகாரம் குடுக்கறவங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"எங்கப்பன் சாவுக்கு அந்தப் பொண்ணு ரொட்டி சுட்டான்னு சொல்லு. நாக்கு சுளுக்கிக்குமா?"

அவன் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தான். "குழுவுல பேசணும்க்கா. பார்க்கலாம்."

"நீ பாரு" என்றுவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாளும் இருட்டில் வேன் வழக்கமான பாதையில்தான் போனது. சியராவின் வீட்டெதிரே நின்றது. ஹார்ன் அடித்தாள். வெகுநேரம் கழித்துக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. இடுப்பில் குழந்தையோடு, கலைந்த தலையோடு சியரா நின்றாள்.

"என் பேரத்தான் எடுத்துட்டாங்களே அத்தை! நீங்க போங்க."

லவோன் கண்ணாடியை இறக்கவில்லை. பக்கத்து இருக்கையில் கிடந்த புத்தகப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்து இடம் ஒழித்தாள். பிறகு உள்ளங்கையை ஹார்ன்மேல் வைத்து அழுத்தினாள். நாய்கள் ஊளையிட்டன, வரிசையாக விளக்குகள் எரிந்தன, யாரோ கத்தினார்கள். கையை எடுக்கவில்லை.